நவகைலாயம் போனோம், நானும் என் இலங்கைத் தோழியும்!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் திருநெல்வேலிச் சீமைப் பெண்களுக்கு இரண்டு வேலை கூடிவிடும். ஒன்று, விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போடுவது. இன்னொன்று, "இந்த வருஷமாவது நவகைலாயம் போயிட்டு வந்திரணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது! பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்கு லீவு இல்லை, மாமியாருக்கு முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்று வரும், தை பிறந்துவிடும். இந்த மார்கழியில்தான் எனக்கு வாய்த்தது. அதுவும் ஒரு புதுத் தோழியோடு.

தெரியாத தோழியருக்காகச் சொல்லிவிடுகிறேன். அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் முக்தி வேண்டினாராம். குருநாதர் ஒன்பது தாமரைப் பூக்களைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டு, அவை ஒதுங்கும் இடங்களில் சிவனை வைத்து வழிபடச் சொன்னாராம். அப்படி அமைந்தவைதான் நவகைலாயம். பாபநாசம் சூரியனுக்கு, சேரன்மகாதேவி சந்திரனுக்கு, கோடகநல்லூர் செவ்வாய்க்கு, குன்னத்தூர் ராகுவுக்கு, முறப்பநாடு குருவுக்கு, ஸ்ரீவைகுண்டம் சனிக்கு, தென்திருப்பேரை புதனுக்கு, ராஜபதி கேதுவுக்கு, சேர்ந்தபூமங்கலம் சுக்கிரனுக்கு. மலையடிவாரத்தில் தொடங்கிக் கடலோரம் வரை ஆற்றோடு கூடவே போகிற யாத்திரை. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்கென்றே அரசு சிறப்புப் பேருந்து விடுவார்கள். இருட்டில் ஏறினால் ஒன்பது கோயிலும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு வந்துவிடலாம்.

என் தோழியைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசியில் தீபாவளி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனபோது பழக்கம். எங்கள் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறார். 1990-ல், ஒன்பது வயதில், மன்னார் பக்கத்திலிருந்து அப்பா அம்மாவோடு படகில் வந்து இறங்கியவர். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், பிறகு இங்கே. கல்யாணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் இந்த ஊரில்தான். 2021-ல் தமிழ்நாடு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பல முகாம்களில் புது வீடுகளும் கட்டிக் கொடுத்து வருகிறார்கள். "பேர் மாத்தினது நல்லதுதான் அக்கா. பள்ளிக்கூடத்தில பிள்ளையளை ‘அகதி’ எண்டு கூப்பிடேக்க எங்களுக்கு நெஞ்சு குத்தும்" என்றார் ஒரு நாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பேச்சுவாக்கில் ஒரு தடவை, "இத்தனை வருசம் இந்தியாவில இருக்கிறன். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். இதைத் தவிர, சுத்திப் பாக்கவெண்டு ஒரு இடமும் போனதில்லை அக்கா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "மார்கழியில நவகைலாயம் போவோமா?" என்று கேட்டேன். "ஒரு நாளில திரும்பி வந்திடலாமோ? வெளியில தங்கிறதெண்டால் எழுதிக் குடுத்திட்டுப் போகோணும்" என்றார். ஒரே நாள்தான் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் மாமியார் என்ன சொல்வாரோ என்று இருந்தது. "சிலோன்காரியா? எங்க அப்பாவே கொழும்புல கடை வச்சிருந்தவருதான். தூத்துக்குடியில கப்பல் ஏறுனா மறுநாள் அங்க. இங்கன இருந்து அங்க போய்ப் பிழைச்சோம், அவிய இங்க வந்து பிழைக்காவ. போயிட்டு வாட்டி!" என்று சொல்லிவிட்டார். அத்தோடு விடவில்லை, "பனி கொட்டுது, அந்தப் பிள்ளைக்கும் ஒரு மப்ளர் எடுத்துட்டுப் போ" என்று பெட்டியைத் திறந்து தன்னுடையதையே கொடுத்தார்.

பேருந்தில் முக்கால்வாசி பெண்கள். பத்தமடை வந்தபோது இன்னும் விடியவில்லை. கோரைப்பாய் நெய்யும் ஊர் இது, பட்டுப் போல் மடியும் பாயை இங்கே பெண்கள்தான் கையால் நெய்கிறார்கள் என்று நான் காட்ட, அவர் கண்ணாடி வழியே இருட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கல்லிடைக்குறிச்சி வந்ததும், "அப்பளம் இந்த ஊர்தானே அக்கா?" என்று அவரே கேட்டுவிட்டார். மளிகைக் கடைப் பாக்கெட்டில் படித்ததாம்!

பாபநாசத்தில் ஆற்றில் கால் வைத்தால் ஐஸ்தான். முதலில் ‘ஐயோ’ என்று அலறிவிட்டு, பிறகு எழுந்திருக்கவே மனசில்லாமல் முங்கினோம். இங்கே ஒரு வேண்டுகோள் தோழியரே. பாவம் போகும் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கம் தயவுசெய்து வேண்டாம். படித்துறையில் மூட்டை மூட்டையாகத் துணி அள்ளுகிறார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

கோயிலில் உலகம்மை சந்நிதிக்கு முன்னால் ஓர் உரல் இருக்கிறது. பெண்கள் விரலி மஞ்சளை அதில் போட்டு இடித்து அம்பாள் அபிஷேகத்துக்குக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு, பிள்ளை வேண்டுபவருக்கு என்று ஆளாளுக்கு ஒரு வேண்டுதல். என் தோழி உலக்கையைப் பிடித்த பிடியைப் பார்த்து வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா, "இது மிக்ஸி பிடிச்ச கை இல்லம்மா, உரல் பிடிச்ச கை!" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது பிறகு.

காலைச் சாப்பாடு ஆற்றங்கரை மரத்தடியில். நான் புளியோதரையும் துவையலும் கொண்டுபோயிருந்தேன். அவர் தூக்குச்சட்டியைத் திறந்தார். இடியாப்பமும் சொதியும்! ‘சொதி எங்க ஊருப் பலகாரமாச்சே’ என்றேன். ‘இல்லை அக்கா, எங்கட’ என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொள்ள, அரை மணி நேரம் பட்டிமன்றம்தான்.

எங்கள் சொதி மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. பாசிப்பருப்பை வேக வைத்து, மூன்றாம் தேங்காய்ப் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், காரட் எல்லாம் வேக விட்டு, இஞ்சி, பச்சை மிளகாயை அரைத்து ஊற்றி, இரண்டாம் பால், கடைசியில் முதல் பால் விட்டு இறக்கி, ஆறியபின் எலுமிச்சம்பழம் பிழிவோம். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாவிட்டால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார். அவர்கள் சொதி அன்றாடம் வைப்பது. பருப்பு கிடையாது. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் தூள். இதைத் தண்ணிப் பாலில் வேக விட்டு, கட்டிப் பால் விட்டு ஒரு கொதி வருமுன் இறக்கி, தேசிக்காய்ப் புளி விடுவார்களாம். தேசிக்காய் என்றால் எலுமிச்சைதான்! பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. இடியாப்பத்துக்கு அதுதான் பொருத்தம் என்று நான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன், தோழியரே.

சேரன்மகாதேவி அம்மைநாதர் கோயிலின் கதை நம் எல்லோருக்கும் பிடிக்கும். நெல் குத்திப் பிழைத்த சகோதரிகள் இருவர் தினமும் ஒரு சிவனடியாருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவார்களாம். அவர்கள் ஆசைப்பட்டுக் கட்டிய கோயில் என்கிறது தலபுராணம். ராஜாவும் மந்திரியும் கட்டிய கோயில் எத்தனையோ இருக்கிறது. உலக்கை பிடித்த இரண்டு பெண்கள் கட்டியதாகச் சொல்லும் கோயில் எத்தனை? கையில் காசில்லாதவர்கள்தான் யார் வந்தாலும் முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொல்கிறார்கள். முகாமில் அவர் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி குடிக்காமல் நான் திரும்பியதே இல்லை.

கோடகநல்லூர், குன்னத்தூர் இரண்டும் வயல் நடுவே அமைதியான கோயில்கள். முறப்பநாட்டில் ஆறு திசை திரும்புகிறது. காசியில் கங்கை திரும்புவது போல என்று இதைத் தட்சிண கங்கை என்கிறார்கள். இங்கே நந்திக்குக் குதிரை முகம். பேருந்தில் வந்த குழந்தைகளுக்கு அதை விட்டு வர மனசே இல்லை.

ஸ்ரீவைகுண்டம் போனதும் பேச்சு கொஞ்சம் கனத்துவிட்டது. குமரகுருபரர் பிறந்த ஊர், நவதிருப்பதியில் முதல் கோயில் இருக்கிற ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் ஒரு மண் கோட்டை இருந்ததும், அதற்குள் வாழ்ந்த குடும்பத்துப் பெண்கள் பிறந்ததிலிருந்து கடைசி வரை மதிலைத் தாண்டி வெளியே வராமல் வாழ்ந்ததும் பலருக்குத் தெரியாது. கடந்த நூற்றாண்டின் பின்பாதி வரைகூட அந்த வழக்கம் இருந்து, பிறகு மாறியது. இதைச் சொன்னதும் என் தோழி, "ஆற்றையும் பாத்ததில்லையோ? கூப்பிடு தூரத்தில ஓடுதே!" என்றார். சற்றுப் பொறுத்து, "மதில் இல்லாமலும் அப்பிடி இருக்கலாம் அக்கா" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இதே ஊர் ரயில் நிலையத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 பெருவெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த மழை. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப் போய், சுமார் 800 பயணிகள் சுற்றிலும் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். மீட்புக் குழு வந்து சேருமுன் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் சோறு போட்டார்கள். அதுவும் மார்கழிதான். சேரன்மகாதேவிச் சகோதரிகள் இந்த ஆற்றங்கரையில் இன்னும் இருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையா, நீங்களே சொல்லுங்கள்.

தென்திருப்பேரை முடித்து ராஜபதி. இங்கே இருந்த பழைய கோயிலை எந்தக் காலத்திலோ ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இப்போது நாம் பார்ப்பது அண்மைக் காலத்தில் புதிதாகக் கட்டியது. கேது தலம் என்று நான் சொன்னதும் தோழிக்குக் குரலே மாறிவிட்டது. "எங்கட திருக்கேதீச்சரமும் கேது கும்பிட்ட இடம்தான் அக்கா!" என்றார். மன்னாரில் இருக்கும் அந்தக் கோயில், இலங்கையின் பாடல் பெற்ற தலங்கள் இரண்டில் ஒன்று. இன்னொன்று திருக்கோணமலை. போர்த்துக்கீசியர் காலத்தில் இடிபட்டு, ஆறுமுக நாவலரின் தூண்டுதலால் பிற்காலத்தில் மறுபடி எழுந்தது. சண்டைக் காலத்தில் சனங்கள் போக முடியாமல் கிடந்தது. இந்திய அரசின் உதவியோடு திருப்பணி நடந்து 2022-ல் குடமுழுக்கு ஆனது. "சின்னப் பிள்ளையில மார்கழித் திருவெம்பாவைக்கு விடியக் காலமை அம்மா என்னை இழுத்துக்கொண்டு போவா. சங்கு ஊதுவினம். நித்திரை தூங்கிக்கொண்டே நடப்பன்" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் மனசைத் திறந்தார். 2009-ல் போர் முடிந்தபின், 2012-ல் அவருடைய அம்மா ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு ஊருக்குத் திரும்பிவிட்டாராம். சொந்தக் காணியில் சாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிள்ளைகளின் படிப்பைப் பார்த்து இவர் இங்கேயே இருந்துவிட்டார். இப்போது அம்மாவுக்கு எழுபது தாண்டி, கண்ணில் புரை, காலில் புண். போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நமக்குத் தோன்றும். அவர் நிலைமையில் அது அப்படி இல்லை. வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் அது போனதுதான். மறுபடி வர விசா வாங்க வேண்டும். கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. பிள்ளைகள் இங்கே. "அம்மாவோ பிள்ளையளோ எண்டு கேட்டால் என்ன சொல்லுறது அக்கா? அம்மனிட்டை மஞ்சள் இடிக்கேக்க இதைத்தான் கேட்டனான்."

அவர் மகள் 2005-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவள். தமிழ் பேசினால் ‘வாரேன், போறேன்’ என்று சுத்த நெல்லைத் தமிழ். ஆனாலும் இந்தியக் குடியுரிமை கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதும். அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தாக வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு விதி இன்னும் இறுகிவிட்டது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு சகோதரி கோர்ட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். பேப்பரில் வந்த அந்தப் படத்தைத் தோழி வெட்டித் தையல் மிஷின் மேல் ஒட்டி வைத்திருக்கிறார். "மகள் முந்திப் பிறந்திருந்தால்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சேர்ந்தபூமங்கலம் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடைசிப் பூ வந்து சேர்ந்த இடம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் காற்றில் உப்பு வாடை. இன்னும் கொஞ்ச தூரத்தில் புன்னக்காயல், அங்கேதான் நம் தாமிரபரணி கடலில் சேர்கிறது. "கடல் எந்தப் பக்கம்?" என்று தோழி கேட்க, பூக்காரம்மா கிழக்கே கை காட்டினார். அந்தக் கடலுக்குப் பெயரே மன்னார் வளைகுடா. இலங்கைக்கு ‘தாம்பபண்ணி’ என்று பழைய பெயர் ஒன்று உண்டு. நம் ஆற்றின் பெயரும் அந்தத் தீவின் பெயரும் ஒன்று போல ஒலிப்பதை அன்றைக்குத்தான் நான் யோசித்துப் பார்த்தேன்.

செல்போனில் வீடியோ போட்டு அம்மாவைக் கூப்பிட்டார். நாலைந்து தடவை அறுந்து, பிறகு கிடைத்தது. வெள்ளைத் தலை, நெற்றி நிறையத் திருநீறு. மகள் கோபுரத்தைக் காட்ட, அந்தம்மா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டார். "இஞ்சயும் வாடைக்காத்து வீசுது பிள்ளை, தலையைப் போர்த்துக்கொள்" என்றார். என் மாமியாரின் மப்ளரைக் காட்டினார் மகள். "ஆர் பிள்ளை பக்கத்தில?" என்று கேட்க, என் கையில் போனைக் கொடுத்தார். "என்ர பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ? நல்லா இருப்பியள், நல்லா இருப்பியள்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "உங்க மகளுக்கு இங்கன ஒரு அக்கா இருக்கேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது தோழி என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டார்.

போக நினைக்கும் தோழியருக்குச் சில குறிப்புகள். சிறப்புப் பேருந்துக்கு மார்கழி பிறக்குமுன்பே விசாரித்து முன்பதிவு செய்யுங்கள். மாற்றுத் துணி, கம்பளி, குடிதண்ணீர், இரண்டு வேளைக்குக் கட்டுச்சோறு அவசியம். தேங்காய்ப் பால் சேர்த்த எதையும் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், மதியம் புளித்துவிடும். விரலி மஞ்சளை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தனியாகக் கார் பிடித்துப் போகிறவர்கள் மதியம் நடை சாத்தும் நேரத்தை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

இன்னும் ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம். சட்டம், குடியுரிமை எல்லாம் பெரியவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். அது தீரும்வரை நம்மால் முடிந்ததைச் செய்யலாமே. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகும்போது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். கோயிலுக்கோ பொருட்காட்சிக்கோ கிளம்பினால், "நீங்களும் வாரியளா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புரட்டாசி சனிக்கிழமைக்கு நவதிருப்பதி போவதாக இப்போதே பேசிவைத்துவிட்டோம். "முழங்கால் வலி கெடக்கட்டும், எனக்கும் சேத்து ஒரு சீட்டு போடுங்கட்டி" என்று மாமியார் சொல்லிவிட்டார். தோழியின் சொதியை ருசி பார்த்த பிறகுதான் இந்தத் துணிச்சல்!

— ஒரு வாசகி, பாளையங்கோட்டை